பாதிக் கழுதை, பாதிப் புலி, முழுக் கட்டணம்

ஒரு காட்டில் ஒரு கழுதைப்புலி சிரித்துக்கொண்டிருந்தது. சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, கடைசியில் விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரிப்பு. அது எதற்காகச் சிரித்தது என்று தெரிந்தால் நீங்களும் சிரிப்பீர்கள். நூற்றுக்கு நூறு உத்தரவாதம்.

ஆனால் இப்போது சொல்ல முடியாது. இந்தக் காட்டில் எதுவும் கேட்டவுடன் கிடைக்காது. முதலில் டோக்கன், பிறகு ஜெராக்ஸ், பிறகு மதிய உணவு இடைவேளை, அதன்பிறகு "சம்பந்தப்பட்டவர் இன்று லீவு". அதுவரைக்கும் சிரிப்பு மேசைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கட்டும். நாம் மேசைக்கு முன்னால் நின்றவரைப் பார்ப்போம்.

முன்னால் நின்றவர் பொதிகாசலம் என்கிற கழுதை. காட்டில் யார் வீட்டு விறகானாலும் தேனடையானாலும் அவர் முதுகில்தான் ஏறும். அவரும் அப்போது சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் சிரித்தால், எதிரில் நிற்பவரும் சிரிக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அவருடைய அப்பா அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் ரேஷன் கார்டே வாங்கினார். கார்டில் பெயர் தப்பாக இருந்தது. அதற்கும் சிரித்துவிட்டு வந்தார்.

பொதிகாசலத்துக்கு ஒரே மகள். பெயர் பூங்குளம்பி. படிப்பில் கெட்டி. சின்ன வயதிலேயே வீட்டு ரேடியோவைப் பிரித்து மாட்டியவள். மாட்டிய பிறகு அது பாடவில்லை, ஆனால் பிரித்த விதம் அவ்வளவு சுத்தம்.

மகள் டாக்டராக வேண்டும் என்பது பொதிகாசலத்தின் ஆசை. ஆசை என்றால் மனதில் வைத்திருந்தாரா என்றால் இல்லை. சந்தைக்குப் போகிற பாதையில் எதிர்ப்பட்ட மான், மயில், மரவட்டை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். போதாததற்கு மரங்கொத்தியிடம் ஒரு பெயர்ப்பலகைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அந்தக் காட்டில் டாக்டராவதற்கு ஒரு பரீட்சை உண்டு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிகளுக்காகக் கிளிகளே வைத்த பரீட்சை. பூங்குளம்பி காரணம் கேட்டுப் படித்தவள், ஆகவே சீட்டு போய்விட்டது. முடிவு வந்த நேரத்தில் மரங்கொத்தி பலகையில் "டாக்" வரைக்கும் கொத்தியிருந்தது.

"நிறுத்திடவா, முடிச்சிடவா?" என்று கேட்டது மரங்கொத்தி.

"நிறுத்துப்பா" என்றார் பொதிகாசலம்.

"கொத்தினதுக்குக் காசு திரும்பாது."

பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். மறுநாள் எதிரில் வந்த மான் "டாக்டர் அப்பா, சௌக்கியமா?" என்று கேட்டது. கழுதைக்குக் காது நீளம் என்பதால் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும்.

அந்த வாரத்தில்தான் அரசமரத்தில் ஒரு விளம்பரம் தொங்கியது. "புலிப்பாய்ச்சல் பொறியியல் கல்லூரி. பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ஆண்டு பேக்கேஜ் நூற்றிருபது புல்லுக்கட்டு." கட்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பொதிகாசலம் எறும்பு என்று நினைத்து ஊதினார். போகவில்லை. அது "வரை" என்ற சொல். எறும்பு அளவில் அச்சடித்திருந்தார்கள்.

"மெடிக்கல்னு போட்டிருக்கு பாரு" என்றார் மனைவி செவ்வந்தியிடம்.

"இன்ஜினியரிங்னும் போட்டிருக்கே" என்றாள் செவ்வந்தி.

"அதான் சொல்றேன். ஒரு பீசுல ரெண்டு."

இந்தப் பேச்சை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது கோவேந்தன். கோவேறு கழுதை. செவ்வந்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எந்த வழியில் ஒன்றுவிட்டது என்று குடும்பத்தில் யாரும் கிளறுவதில்லை.

"மாப்ள, ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றது கோவேந்தன்.

"சொல்லாம விடவா போறீங்க, மச்சான்?"

"நான் யாரு? பாதிக் குதிரை, பாதிக் கழுதை. கல்யாண ஊர்வலம்னா குதிரையைக் கூப்பிடுவான். செங்கல் சுமக்கணும்னா கழுதையைக் கூப்பிடுவான். என்னை எப்பக் கூப்பிடுவான் தெரியுமா? ரெண்டு பேரும் ஒரே நாள் லீவு போட்டா."

"இப்ப எதுக்கு உங்க கதை?"

"பாதி பாதியா இருக்கிறவன் கஷ்டம் பாதியா இருக்கிறவனுக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு மெஷின் பிடிக்கும்னா மெஷினே படிக்கட்டும். ஊருக்குப் பதில் சொல்றதுக்காக ஒரு படிப்பா?"

பொதிகாசலம் காதை மடித்துக்கொண்டார். தன் வீட்டில் டாக்டர் இல்லாதவனுக்கு வருகிற வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினார். கோவேந்தனுக்கு வீடே இல்லை என்பது அப்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். உங்கள் டோக்கன் எண் என்ன? நாற்பத்தேழா? இப்போது ஒன்பது ஓடுகிறது. உட்காருங்கள்.

கல்லூரியில் வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. முன்னால் ஒரு ஆமை விண்ணப்பங்களைச் சரிபார்த்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசிக்கும். யோசித்துவிட்டு "ஜெராக்ஸ்ல காது சரியா விழல" என்று திருப்பிக் கொடுக்கும். கழுதைகளுக்கு ஒரு பக்கத்தில் காது முழுவதும் விழாது. ஆகவே காதுக்குத் தனி ஜெராக்ஸ், தனிக் கட்டணம். அது முடிந்த பிறகு உள்ளே ஆலோசகர் அறை.

ஆலோசகர்தான் நம் கழுதைப்புலி. பெயர் நகைமுகன். கழுத்தில் டை, பல்லில் பளபளப்பு, மேசையில் மிட்டாய்க் கிண்ணம்.

"வாங்க பங்காளி, வாங்க. உட்காருங்க. பாப்பாவுக்குப் பசிக்குதா? மிட்டாய் எடுத்துக்கம்மா."

பங்காளி என்ற சொல் பொதிகாசலத்தின் நெஞ்சுக்குள் நேராக இறங்கியது. "நீங்க எங்களுக்குச் சொந்தமா, சார்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? என் பேரைச் சொல்லுங்க. கழுதைப்புலி. முதல்ல யாரு வர்றா? கழுதை. அப்புறம்தான் புலி. அம்மா வழியில உங்களுக்கு நான் ரொம்ப நெருக்கம்."

பொதிகாசலம் மகளை இடித்தார். "நம்ம ஆளு" என்றார் காதோடு. கழுதைகள் காதோடு பேசினால் அறை முழுவதும் கேட்கும். நகைமுகன் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"இந்தப் படிப்பும் நம்மள மாதிரிதான்" என்றார் நகைமுகன். "பாதி டாக்டர், பாதி இன்ஜினியர். என்னைப் பாருங்க. பாதிக் கழுதை, பாதிப் புலி. எனக்கு என்ன குறைச்சல்?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குறைச்சல் எதுவும் தெரியவில்லை.

"சார், படிச்சு முடிச்சா எங்க வேலை?" என்று கேட்டாள் பூங்குளம்பி. மிட்டாயை அவள் தொடவில்லை.

"எங்க இல்லம்மா? ஆஸ்பத்திரி இருக்கு, மெஷின் கம்பெனி இருக்கு, ஆராய்ச்சி இருக்கு, வெளிக்காடு இருக்கு. நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்."

"போன வருஷம் முடிச்சவங்க யாரையாவது பாக்க முடியுமா?"

"எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கம்மா. வேலை நேரத்துல எப்படிப் பாக்கிறது?"

பொதிகாசலத்துக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்திருந்தது. மகளைப் பார்த்து, சார் சொல்றாருல்ல என்பது போலக் கண்ணை உருட்டினார். ஆனாலும் அவர் ஒன்றும் யோசிக்காமல் தலையைக் கொடுப்பவர் இல்லை. பிறந்ததிலிருந்து எடை சுமக்கிறவர். எதையும் முதுகில் போட்டுப் பார்த்துத்தான் நம்புவார். முதுகின் இரண்டு பக்கமும் பை தொங்கும். இரண்டும் சமமாக இருந்தால் கழுதை நேராக நடக்கும். ஒரு பக்கம் அதிகமானால் அந்தப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். கடனையும் சம்பளத்தையும் அவர் அப்படித்தான் நிறுத்துப் பார்ப்பதென்று வந்திருந்தார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. செமஸ்டருக்கு ரெண்டு கல்லுன்னு இடது பையில போட்டுட்டு வந்திருக்கேன். இதுதான் நான் வாங்கப்போற கடன். நீங்க சொல்ற சம்பளத்தை வலது பையில போட்டீங்கன்னா நடந்து பாத்துடுவேன்."

"அடடா, எவ்வளவு பொறுப்பான அப்பா. மொத்தம் எத்தனை கல்?"

"எட்டு செமஸ்டர், பதினாறு, சார்."

"அளவு?"

"ஆத்துக் கல்லு, சார். என் குளம்பு அளவு."

"ஒரு நிமிஷம். பேக்கேஜை எடுத்துட்டு வந்துடறேன்."

நகைமுகன் பின்பக்கக் கதவைத் திறந்து ஆற்றங்கரைப் பக்கம் போனார். டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. பிறகு காகிதம் சரசரத்தது. திரும்பி வந்தபோது தங்க நிறக் காகிதத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய அழகான பெட்டி ஒன்று இருந்தது. மேலே "பேக்கேஜ்" என்று எழுதியிருந்தது. காகிதம் ஒரு மூலையில் ஈரமாக இருந்தது.

பெட்டியை வலது பையில் வைத்தார். பொதிகாசலம் நடந்தார். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராக நடந்தார். ஒரு மயிரிழை கூடச் சாயவில்லை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சமமான பாரத்தைச் சுமந்ததில்லை.

"பாத்தீங்களா பங்காளி? கடன் இருக்கிறதே தெரியல பாருங்க."

"தெரியல சார். ஆச்சரியமா இருக்கு."

"அப்பா, அதைப் பிரிச்சுப் பாக்கலாமா?" என்றாள் பூங்குளம்பி.

"அது ஆஃபர் லெட்டரோடதான் பிரிக்கணும்மா" என்றார் நகைமுகன். "முன்னாடியே பிரிச்சா பேக்கேஜ் செல்லாது. விதிமுறை."

அப்போதுதான் பொதிகாசலம், பாரத்தோடு, மூச்சு வாங்க, மிக்க மரியாதையோடு, நகைமுகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அதைக் கேட்டுத்தான் கழுதைப்புலி அப்படிச் சிரித்தது. கேள்வி என்னவென்றால்.

இல்லை. இடைவேளை. இருபத்தெட்டு ஓடுகிறது.

கடன் கொடுத்தது மலைப்பாம்பு வங்கி. மேலாளர் நெளியப்பன். அவருக்குக் கை கிடையாது, அதனால் கைகுலுக்க மாட்டார், கட்டிப்பிடிப்பார். பொதிகாசலத்தை மூன்று சுற்றுச் சுற்றி அன்பாகக் கட்டிப்பிடித்துக்கொண்டே பேசினார். குரல் வெண்ணெய்.

"லேசாத்தானே இருக்கு?"

"லேசாத்தான் இருக்கு, சார். மெத்தை மாதிரி இருக்கு."

"பிள்ளை படிக்கிற வரைக்கும், முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் இப்படியேதான். நாங்க தொந்தரவே பண்ண மாட்டோம்."

"அதுக்கப்புறம், சார்?"

"நீங்க மூச்சை வெளியில விடும்போதெல்லாம் நாங்க கொஞ்சம் நெருங்குவோம். வாடிக்கையாளரோட நெருக்கமா இருக்கிறதுதான் எங்க கொள்கை. ஜாமீனுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

ஓடைக்கரையில் ஒரு துண்டுப் புல்வெளி இருந்தது. செவ்வந்தி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குடும்பம் சாப்பிடுவதே அதில்தான். செவ்வந்தி எங்கே கையெழுத்து என்று கேட்டாள், நெளியப்பன் வாலால் காட்டினார், அவள் குளம்பை மையில் தோய்த்து வைத்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், "இந்தப் படிப்பு நல்லா இல்லைன்னா நாம எதைத் திங்கிறது?" என்று கேட்டாள்.

"பேக்கேஜ் வரும்" என்றார் பொதிகாசலம். பெட்டியை வீட்டின் நடுவில் வைத்துச் சாம்பிராணி காட்டினார்கள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த பலகையையும் இந்தப் பக்கம் திருப்பினார். "டாக்" என்று இருந்தது. பாதி டாக்டருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மீதிக் காசு மிச்சம் என்று மகிழ்ந்தார்.

நான்கு ஆண்டுகள் ஓடின. கதையில் ஒரு வரியில் ஓடிவிடும், பாம்புக்கு வட்டியோடு ஓடும்.

பூங்குளம்பி நன்றாகவே படித்தாள். இதயம் எப்படித் துடிக்கிறது, அந்தத் துடிப்பை ஒரு கருவி எப்படிக் கோடாக வரைகிறது என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லும்போது அவள் காது இரண்டும் நிமிர்ந்து நிற்கும். பொதிகாசலத்துக்கு ஒன்றும் புரியாது, காது நிமிர்ந்ததைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார்.

காட்டுக்கும் புரியவில்லை. விடுமுறைக்கு வந்தால் வாசலில் கூட்டம். முயல் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"டாக்டரம்மா, மூணு நாளா இருமல்."

"நான் மருந்து தர மாட்டேன், மாமா. நான் ஆஸ்பத்திரி மெஷின்தான் பாப்பேன்."

"அப்படியா? அப்ப எங்க வீட்டு மிக்சி ஓடல, அதையாவது பாரு."

"மிக்சி வேற, மாமா."

"இதையும் பாக்க மாட்டே, அதையும் பாக்க மாட்டே. அப்ப நாலு வருஷம் எதைத்தான் பாத்தே?"

கடைசி ஆண்டில் கல்லூரிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்தது சிலந்திகள் நடத்தும் ஒரே ஒரு கம்பெனி. வலைத்தள வேலை. எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான், வலை பின்னத் தெரிந்தால் போதும். பூங்குளம்பி இரண்டு வரி பின்னிக் காட்டினாள். "கால் நாலுதான் இருக்கு, ஓவர்டைம் எப்படிப் பாப்பீங்க?" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிர்வாகி ஒரு கரடி. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடிக்கும் மெஷின் ஒன்றுதான்.

"மெஷின் பழுதானா யார் சரி பண்றாங்க, சார்?"

"குரங்கு வந்து ஒரு தட்டு தட்டும், ஓடிடும்."

"தட்டியும் ஓடலன்னா?"

"ரெண்டு குரங்கு தட்டும்."

"எனக்கு அதை முறையாப் பாக்கத் தெரியும், சார். படிச்சிருக்கேன்."

"தெரியுதும்மா. ஆனா குரங்குக்கு வாழைப்பழம் குடுத்தாப் போதும். உனக்குச் சம்பளம் குடுக்கணுமே. வேணும்னா பயிற்சிக்கு வா. மாசம் ஆறு கட்டு. வரிக்குதிரை பிடிச்சது போக அஞ்சு."

வரிக்குதிரை என்றால் வரி பிடிக்கும் குதிரை. எல்லார் சம்பளத்திலும் முதல் வாய் அதனுடையது.

அன்று மாலை பூங்குளம்பி வாசல் மணலில் குளம்பால் எழுதிக் காட்டினாள். "வங்கிக்கு மாசம் ஒன்பது கட்டு கட்டணும். எனக்கு வர்றது அஞ்சு. நான் ஒரு வாய்கூடத் திங்காம வேலை பார்த்தாலும் மாசம் நாலு கட்டு நாம கையிலிருந்து போடணும், அப்பா."

"அது பயிற்சிச் சம்பளம். பேக்கேஜ் இன்னும் பிரிக்கவே இல்லையே" என்றார் பொதிகாசலம், மணலைக் காலால் அழித்தபடி.

வேலை எதுவும் வராமலே ஒரு வருடம் முடிந்தது. நெளியப்பன் நெருங்க ஆரம்பித்தார். பொதிகாசலம் வங்கிக்குப் போன் செய்தார். எடுத்தது ஒரு கிளி. டாக்டருக்குப் படித்த கிளிகளில் மிஞ்சியது.

"மலைப்பாம்பு வங்கி உங்களை அன்புடன் அணைக்கிறது. மேலும் கடன் பெற ஒன்றை அழுத்தவும். இருக்கும் கடனைக் கட்ட இரண்டை அழுத்தவும். மூச்சு முட்டினால் ஒன்பதை அழுத்தவும்."

ஒன்பதை அழுத்தினார்.

"மூச்சு முட்டும் வாடிக்கையாளர்கள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள். தயவுசெய்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும்."

மறுநாள் புல்வெளியில் ஏலப் பலகை நடுவதற்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போனது. செவ்வந்தி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேய்ந்தாள். பொதிகாசலம் பேக்கேஜைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு, நேராக நகைமுகனிடம் போனார். நேராக என்றால் நேராக இல்லை. இப்போது இடது பையில் கல் இல்லை, வலது பையில் பெட்டி மட்டும். வழி முழுக்க வலது பக்கமாகச் சுற்றிச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தார்.

வழியில் கோவேந்தன் பார்த்தது. "என்ன மாப்ள, கோயில் சுத்தற மாதிரி சுத்தறீங்க? உள்ள என்ன இருக்கு?"

"சம்பளம்."

"சம்பளத்துக்கு இவ்வளவு எடை நான் எங்கயும் பாத்ததில்லையே" என்று சொல்லிவிட்டுக் கோவேந்தன் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போனது.

நகைமுகன் எழுந்து நின்று வரவேற்றார். தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது.

"வாங்க பங்காளி. பாப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கலையா? அய்யோ, நம்ம நூறு சதவீதத்துக்கு என்ன ஆகிறது? ஒரே ஒரு பிள்ளை குறைஞ்சாலும் விளம்பரத்துல தொண்ணூத்தொன்பதுன்னு போட வேண்டியதாயிடும். அசிங்கம். நம்ம பிள்ளையை நாமதானே பாக்கணும்? இந்தா, என் பக்கத்துல ஒரு நாற்காலி. துணை ஆலோசகர். சம்பளம் வரி போக அஞ்சு கட்டு. அதுக்கு மேல ஒரு சேர்க்கைக்கு ஒரு கட்டு. மாசம் அஞ்சு பேரைச் சேர்த்துட்டா வங்கிக்குப் போக ஒரு கட்டு மிஞ்சும். புல்வெளி தப்பிச்சுடும்."

பூங்குளம்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவளுக்குக் கணக்கு தெரியும். ஐந்தும் ஐந்தும் பத்து, பத்தில் ஒன்பது போனால் ஒன்று. ஐந்து ஆண்டுகளில் முதல்முறையாகக் கணக்கு சரியாக வந்தது.

"சரி, சார்" என்றாள்.

"வீட்ல ஒரு பலகை இருக்குன்னு சொன்னீங்களே, 'டாக்'குன்னு. அதைக் கொண்டாந்து மேசைமேல வச்சிடுங்க. எடுப்பா இருக்கும்."

ஆஃபர் லெட்டர் அச்சாகி வந்தது. "இப்பப் பிரிக்கலாமா, சார்?" என்று கேட்டார் பொதிகாசலம்.

"தாராளமா. ஓரமா உட்கார்ந்து பிரிங்க. அடுத்த ஆள் வர்றாங்க."

உங்கள் எண் நாற்பத்தேழுதானே? வாருங்கள். கூப்பிடுகிறார்கள்.

அடுத்து உள்ளே வந்தது ஒரு நீர்நாய். கூடவே மகன். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒன்பது ஜெராக்சை நனையாமல் வாயில் கவ்விக்கொண்டு, பயந்து பயந்து நின்றது. பூங்குளம்பி மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"உட்காருங்க, சித்தப்பா. தம்பி, மிட்டாய் எடுத்துக்க."

சித்தப்பா என்ற சொல் நீர்நாயின் நெஞ்சுக்குள் இறங்குவதைப் பொதிகாசலம் ஓரத்திலிருந்து பார்த்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. ரிப்பனைப் பல்லால் அவிழ்க்க ஆரம்பித்தார்.

"படிப்பு எப்படிங்க, மேடம்?" என்றது நீர்நாய், ஜெராக்சை மேசையில் வைத்துவிட்டு.

"என்னையே பாருங்க. நான் இங்க படிச்சவதான். பாதி டாக்டர், பாதி இன்ஜினியர். இன்னிக்கு இங்கேயே ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன்."

நகைமுகன் மெச்சிக்கொண்டார். நீர்நாய் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பிறகு மிக்க மரியாதையோடு கேட்டது.

"தப்பா நினைக்காதீங்க, மேடம். ஒரு பாதிக்குப் பாதிச் சம்பளம், இன்னொரு பாதிக்குப் பாதிச் சம்பளம். ரெண்டு பாதியும் சேர்ந்தா எப்படியும் முழுசா ஒண்ணு வந்துடும்தானே?"

அன்றைக்குப் பொதிகாசலம் கேட்டது இதே கேள்வி. எழுத்துப் பிசகாமல்.

பூங்குளம்பி நீர்நாயைப் பார்த்தாள். நகைமுகனைப் பார்த்தாள். அவளுடைய காது இரண்டும் மெல்ல மடிந்தன. பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கனைப்பு மாதிரித் தொடங்கி, நடுவில் உடைந்து, மேலே மேலே ஏறி, மேசையில் தலையைக் கவிழ்க்க வைத்து, கண்ணில் தண்ணீர் வரவழைத்து, விக்கலில் போய் நின்றது. நகைமுகனும் சேர்ந்துகொண்டார். ஆபீசில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களே என்று நீர்நாயும் சிரித்தது. பழக்கதோஷத்தில் பொதிகாசலமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தங்கக் காகிதத்தை உரித்தார்.

உள்ளே கல். ஆற்றுக் கல். ஒவ்வொன்றும் அவர் குளம்பு அளவு. எண்ணினார், பதினாறு.

சிரித்த வாய் மூடாமல் தலையைத் தூக்கினார். நகைமுகனிடம் கழுதை எங்கே என்று தேடினார். புலி எங்கே என்று தேடினார். வாலிலிருந்து மூக்கு வரை இரண்டு முறை தேடினார். பிறகு அவர் கண், அதே சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்த மகள் பக்கம் திரும்பியது.

அறையில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆளுக்கு, ஐந்து வருடம் கழித்து, அந்த ஜோக் புரிந்தது.

நீதி: எந்தப் படிப்பும் வீண் போகாது, அதை அடுத்த கழுதைக்கு விற்கும் நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். விண்ணப்பத்துடன் இரண்டு புகைப்படம், காதுக்குத் தனி ஜெராக்ஸ்.